ஓடைவரை போய்த் திரும்பிய கூட்டம்

கொல்லிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் நான் பல வருஷம் பார்த்த வேலை. வெள்ளைக்காரன் காலம். மலைக்கு ரோடு கிடையாது. ஆடி மாதத்தில் மலைக்கோயிலுக்குப் போகிறவர்களை நாமக்கல்லில் பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி அடிவாரத்தில் கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கோயில் சேர்த்துத் திரும்பக் கூட்டிவருவது என் டூட்டி. ஒவ்வொரு கூட்டத்தையும் 'பார்ட்டி' என்போம். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வழி கேட்கிறார்கள். வழியை இரண்டு தடவை நடந்தால் யாரும் தெரிந்துகொள்ளலாம். பார்ட்டியைத் திருப்புவது பற்றி யாரும் கேட்பதில்லை.

1. வேலூர் பார்ட்டி

அந்த வருஷம் பரமத்தி வேலூரிலிருந்து பழனியப்பன் என்கிற வெற்றிலை வியாபாரி குடும்பத்தோடு வந்தார். அவர் மகள் செல்லம்மாள், கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பெற்ற பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். மலைக்கோயிலில் குழந்தைக்கு முதல் முடி எடுப்பதாக வேண்டுதல்.

நடக்கச் சிரமப்படுகிறவரை எனக்கு அடுத்தாற்போல் நிறுத்துவேன். வேகமாக நடப்பவர்கள் கடைசியில் வர வேண்டும். அப்படித்தான் ஏறினோம். கணவாயில் நல்ல வெயில். கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கினோம். கீழே ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும்.

முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் செம்மண் நிறத்தில் ஓடியது. மக்கிய சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேல் முகட்டில் மேகம் கறுத்திருந்தது.

"மேல மழ பேயுதுங்க. எந்நேரமும் வெள்ளம் எறங்கிருமுங்க. இன்னிக்கு வேண்டாங்க, திரும்பிரலாமுங்க" என்றேன்.

பழனியப்பன் ஓடையையும் என்னையும் பார்த்தார். "முழங்காத் தண்ணிக்கா திரும்பச் சொல்ற? கோயலு அந்த மேட்டுக்கு அந்தாண்டதானே இருக்குது?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பார்ட்டி வந்தது. கூட்டிவந்தவன் ரங்கன், என்னைப் போலவே அதே முதலாளியிடம் வேலை பார்த்தவன். தண்ணீரை ஒரு தடவை பார்த்தான். எல்லோரையும் கைகோத்து இறங்கச் சொன்னான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களும் இறங்கினார்கள். எல்லோரும் அக்கரை ஏறிவிட்டார்கள்.

"பாத்தியா? அவனும் உன்னாட்டந்தான் கூட்டிட்டு வாரான்" என்றார் பழனியப்பன்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது செல்லம்மாள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"ஏனுங்ண்ணா, இது உங்க கொழந்தையா இருந்தா இப்பத் தூக்கிட்டு எறங்குவீங்களா?"

"எறங்க மாட்டனுங்க அம்மிணி."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "அப்ப நான் வரலீங்கப்பா. நீங்க போறதுன்னா போயிட்டு வாங்க."

மகளை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? எல்லோரும் திரும்பினோம். திரும்பக் கணவாய் ஏறும்போது குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அடிவாரம் வரை எங்கள் மேல் ஒரு துளி மழைகூட விழவில்லை.

2. பஸ் ஷெட்டில்

மறுநாள் ரங்கனின் பார்ட்டி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்தது. முதலாளி என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளம் வந்துச்சா?"

"தெரியலீங்க மொதலாளி. நாங்க திரும்பிட்டமுங்க."

"வரலீன்னு ரங்கன் சொல்றான்."

"இருக்குமுங்க."

"அப்பறம் என்னத்துக்குத் திருப்புன?"

"தண்ணி அந்தக் கலர்ல போனா மறுக்காவும் திருப்புவனுங்க."

அவர் திட்டவில்லை. "இந்த ஆடிக்கு நீ வர வேண்டாம். ஊட்டுக்குப் போ" என்றார்.

வீட்டில் கடலைக்காட்டுக்குக் களை எடுத்துக்கொண்டு கிடந்தேன். ஊரில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அன்றைக்கு அந்த ஓடையில் வெள்ளம் வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்த அடுத்த நொடியே, ரங்கனும் அந்த ஜனங்களும் தண்ணீருக்குள் கைகோத்து நின்றது கண்முன் வந்தது. கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அப்படி நினைத்ததே இல்லை.

அடுத்த ஆடியில் முதலாளியே ஆள் அனுப்பினார். நான் வந்தால்தான் மலை ஏறுவதாக வேலூர் பார்ட்டி சொல்லிவிட்டதாம். சொன்னவள் செல்லம்மாள். பழனியப்பனும் வந்திருந்தார். ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடியது. வழுக்கும் இடத்தில் அவராகவே என் தோளைப் பிடித்துக்கொண்டார். முடி எடுக்கும்போது குழந்தை அழுத அழுகை மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகும் எத்தனையோ பார்ட்டிகளைத் திருப்பியிருக்கிறேன். எதைத் திருப்பியிருக்க வேண்டாம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தைத் திருப்பினவனுக்கு, தான் செய்தது சரிதான் என்று காட்ட அத்தாட்சி எதுவும் கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.