வரோம் என்று சொன்ன அம்மா

அண்ணன் மகளின் கல்யாண அழைப்பு கைப்பேசியில் வந்திருக்கிறது. கீழே, வருவேன், வரமாட்டேன் என்று இரண்டு பொத்தான்கள்.

எழுபதுகளில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் நீட்டிய குங்குமத்தைத் தொட்டாலே வருவதாக வாக்கு. அப்படி அம்மா தொட்ட மறுநாள், மணப்பெண் சரசு அக்கா பனியில் நனைந்தபடி எங்கள் பின்வாசலில் நின்றாள்.

"சித்தி, நீங்கல்லாம் வரலன்னா அப்பா நிறுத்திடுவாருலா. அந்த ஆளு மொத சம்சாரத்த அடிச்சே கொன்னவனாம்."

"குங்குமம் எடுத்துட்டேனே புள்ள. வரலன்னா மரியாதையா இருக்காதே."

போனோம். கோயிலில் நிற்க இடமில்லை. தாலி ஏறும்போது சரசு அக்கா அம்மாவையே பார்த்தாள். அம்மாவுக்கு அட்சதை போடக் கை எழவில்லை.

ஆறாம் மாதம், அவள் வாழ்க்கைப்பட்டுப் போன திரிங்காப்பிலிருந்து சாவுச் செய்தி வந்தது. வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

"ஒருத்தியாவது வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா.