பனியாற்றில் கூப்பிட்ட குரல்

அஜ்மானின் கடைசி ஈச்ச ஓலைக் குடிசையும் எனக்குப் பின்னால் போய்விட்டது. வலது பக்கம் கடல், இடது பக்கம் மணல். நான் ஷார்ஜா பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு சின்ன அலுமினியச் சட்டி. ஷார்ஜாவில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான். எட்டாம் வகுப்பை விட்ட நாளிலிருந்து யாரும் காத்திராத ஊர்களுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டது போல் இருந்தது. நான் திரும்பவில்லை. அந்த வெளியில் எனக்குப் பின்னால் ஒரு ஆடுகூட இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அறைக்கு வெளியே சந்தில் அண்ணாச்சியைப் பிக்கப் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் அந்த நடையைத் தொடங்கினேன்.

அண்ணாச்சி டிரைவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நான் தஞ்சாவூர்ப் பக்கம். அஜ்மானில் எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் அவர் கட்டிலுக்கு அடுத்த கட்டில் என்னுடையது. ஒரே கம்பெனிதான் எங்கள் இருவரையும் துபாயில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குக் கொடுத்திருந்தது. அண்ணாச்சி அவருக்கு வண்டி ஓட்டினார். நான் சமைத்தேன். எனக்குச் சமையல் தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்று சொல்லியிருந்தேன். வளைகுடாவில் வேலை கேட்கப் போகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் தெரியும். கொத்து வேலையா, தெரியும். வெல்டிங்கா, தெரியும். பிறகு மூன்று நாளில் கற்றுக்கொள்வோம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட் மாதம். எஞ்சினியருக்கு லீவு. மற்ற வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போவார்கள். இவருக்கு மலை ஏறுகிற பைத்தியம். ஈரானின் வடக்கே ஐஸ் மூடிய மலை இருக்கிறது, அதில் ஏறி நடக்க வேண்டும், வண்டிக்கு ஒரு ஆள், சாப்பாட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்.

"யூ நோ ஸ்னோ?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

"யெஸ் சார். வெரி கோல்ட் பிளேஸ் சார், குற்றாலம்."

எஞ்சினியர் அதையும் ஒரு பனிமலை என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார். வெளியே வந்ததும், "அருவியில குளிச்சவனுக்கு ஐஸ் என்னல செய்யும்?" என்றார் அண்ணாச்சி.

வண்டியை லாஞ்சில் ஏற்றிக் கடலைக் கடந்தோம். பிறகு நான்கு நாள் பயணம். முதல் மூன்று நாளும் அஜ்மானைப் போலவே சுட்டது. நான்காம் நாள் மாலை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டோம். அடிவாரத்து ஊரில் வழிகாட்ட ஒரு கிழவர் சேர்ந்தார். ஆடு மேய்க்கிறவர். அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது, எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. துபாய்த் துறையில் ஈரானிக் கப்பல் கலாசிகளோடு வேலை செய்தபோது பொறுக்கிய பத்துச் சொல் என்னிடம் இருந்தது. மீதியைக் கையால் பேசிக்கொண்டோம்.

பனியாறு என்ற சொல்லை நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன். அன்று அது எங்களுக்கு ஐஸ் மலை. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கீழ்ப்பகுதி முழுவதும் கல்லும் மண்ணும் மூடி, இடிந்த கட்டடம் மாதிரி கிடந்தது. கல்லைக் காலால் தள்ளினால் அடியில் கறுப்பாக ஐஸ். மேலே, வெயில் படாத மடிப்பில்தான் வெள்ளை. அதன் ஓரத்துப் பாறை மேடையில் டென்ட் அடித்தோம். நடக்கும்போது பூட்ஸுக்கு அடியில் கட்ட இரும்புப் பல் கொடுத்தார் எஞ்சினியர். அண்ணாச்சி அதைப் பார்த்து, "நம்மள கொழு மாட்டி உழச் சொல்லுதான்டே" என்றார்.

அங்கே சத்தம் வேறு மாதிரி இருந்தது. மனிதர் பேசுவது பக்கத்திலேயே கேட்காது. ஆனால் காலுக்குக் கீழே யாரோ தாழ்ப்பாளை இழுப்பது போல் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கனமான கட்டிலைத் தரையில் நகர்த்துவது போல் கேட்கும். ஆள் இருக்கிற வீட்டுச் சத்தங்கள். இரண்டாம் நாள் கிழவர் என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய்க் குனிந்து கையால் தேய்த்துக் காட்டினார். ஐஸுக்குள் ஒரு முழ ஆழத்தில் ஒரு ஆடு நின்றிருந்தது. கண் திறந்திருந்தது. வாயில் புல் இருந்தது. எப்போது என்று கேட்டேன். பத்து விரலையும் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டே இருந்தார், நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பிறகு இரண்டு விரலைத் தரையில் ஊன்றி நடப்பது போல் செய்து கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். ஆடு மேலே விழுந்திருக்கிறது. நின்றபடியே இத்தனை வருஷமாகக் கீழே வந்துகொண்டிருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "பய இன்னும் அசை போட்டு முடிக்கல போல" என்றார். ஆனால் அதைப் பார்க்க அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, டீ குடிக்கும்போது கிழவர் கரண்டியால் பனியில் ஒரு கோடு கிழித்தார். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வது போல் பனி எங்கே இலேசாகத் தொய்ந்து சாம்பல் நிறமாக இருக்கிறதோ, அங்கே கீழே தரை இல்லை, கால் வைக்காதே என்று காட்டினார். அண்ணாச்சி அப்போது டென்ட்டுக்குள் சவரம் செய்துகொண்டிருந்தார். அவரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பில் சோறு பொங்கியது. மறந்துவிட்டேன்.

கிழவரும் எஞ்சினியரும் குச்சி நட்ட வழியில் சுற்றிக்கொண்டு மேலே ஒரு பாறைக்குப் போயிருந்தார்கள். பத்துப் பத்தரை மணிக்கு எஞ்சினியர் அங்கிருந்து கையை ஆட்டி, கேமரா பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணாச்சி திருநீறு பூசிக்கொண்டார். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாரேன்டே" என்று கிளம்பினார்.

குச்சி வழி வளைந்து போனது. அவர் வளையவில்லை. பாறைக்கு நேராக நடந்தார். முப்பது அடி போயிருப்பார். அப்போதுதான் அவருக்கு முன்னால் அந்தத் தொய்வைப் பார்த்தேன். நீளமாக, சாம்பல் நிறமாக, கிழவர் கரண்டியால் கிழித்த மாதிரியே இருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை.

கிளம்பிப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அண்ணாச்சிக்கு அது உயிர். ஒரு முறை அறையில் ஒருவன், டூட்டிக்குக் கிளம்பியவரைத் தீப்பெட்டிக்காகக் கூப்பிட்டுவிட்டான். அவர் திரும்பி வந்து, பூட்ஸைக் கழற்றி, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கிளம்பினார். அதற்குள் டூட்டி வண்டி போய்விட்டது. உச்சி வெயிலில் ஷார்ஜா வரை நடந்தே போய்த்தான் வேறு வண்டி பிடித்தார். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவரே பார்த்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். அப்படி நின்றது மூன்று மூச்சு, நான்கு மூச்சு இருக்கும்.

அவர் நின்றார். என் பக்கம் முகத்தைத் திருப்பினார். திரும்பியபடியே ஒரு கால் பின்னால் வைத்தார். பிறகு அங்கே அவர் இல்லை. கத்தல் இல்லை, விழுந்த சத்தமும் இல்லை. பனியில் சோற்றுப் பானை வாய் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது.

எஞ்சினியரும் கிழவரும் கயிற்றோடு ஓடி வந்தார்கள். ஓட்டைக்குள் பார்த்தோம். நீல நிறம் கீழே போகப் போகக் கறுத்தது. கூப்பிட்டோம். பதில் ஓட்டையிலிருந்து வரவில்லை. எனக்கு இடது பக்கம், இருபது அடி தள்ளி, கெட்டி ஐஸுக்கு அடியிலிருந்து வந்தது. "ஏலே, ஏலே" என்று. கிழவர் அங்கே போய் ஐஸில் காதை வைத்தார். குரல் வலது பக்கம் போனது. கிழவர் வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். எஞ்சினியர்தான் பொறுமையாக, ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கி, கயிற்றில் இறங்கினார். அண்ணாச்சி நேர் கீழேயே ஒரு திட்டில், வலது கால் வெடிப்புக்குள் சிக்கியபடி உட்கார்ந்திருந்தாராம். மேலே தூக்கச் சாயங்காலம் ஆனது. அவர் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்:

"போவும்போது ஏம்ல கூப்ட்ட?"

நான் போர்வையை அவர் மேல் இழுத்துப் போர்த்தினேன். தமிழ் தெரியாத மற்ற இருவரும் அவர் பிதற்றுகிறார் என்று நினைத்தார்கள்.

வலது காலில் கணுக்கால் முறிந்திருந்தது. இரண்டு விரல் கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. டிரைவருக்கு வலது கால்தான் வேலை. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் அதன் கீழேதான். துபாய்க்குத் திரும்பிய பிறகு நான் எஞ்சினியர் வீட்டு வேலையை விட்டுவிட்டேன். அங்கே ஃப்ரிட்ஜில் ஐஸ் எடுத்துத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் டம்ளருக்குள் தாழ்ப்பாள் இழுக்கும் சத்தம் கேட்டது. அஜ்மான் அறையில் இருந்து, ஒன்றரை மாதம் அண்ணாச்சிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, கட்டு மாற்றினேன். கால் சரியானால் வண்டி, இல்லையென்றால் ஊர். அது எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும்.

அறைக்கு யார் வந்தாலும் அவர் கதை சொல்லுவார்.

"நா பாட்டுக்குப் போயிட்டிருக்கேன். இந்தப் பய பின்னால நின்னு கூப்டுதான். திரும்புதேன், தரையக் காணோம்!"

"தஞ்சாவூரானுக்கு வாய் சும்மா இருக்காதே" என்பான் மூலைக் கட்டில்காரன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கூப்பிட்டான் என்பது சின்னக் குற்றம். பார்த்துக்கொண்டு நின்றான் என்பது வேறு. சின்னதையே என் பேரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கட்டு மாற்றும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. அவர் நின்று திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். எதைக் கேட்டுத் திரும்பினார்?

எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கபீல், ஒரு நாள் வந்து அண்ணாச்சியை நடக்கச் சொல்லிப் பார்த்தார். நான்கு அடி நடந்தார். "கலாஸ்" என்றார் கபீல். அவ்வளவுதான். பம்பாய்க் கப்பலில் இடம் போட்டுவிட்டார்கள்.

அன்று காலை பிக்கப் வந்தது. மற்றவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சி தகரப் பெட்டியோடு, கம்பை ஊன்றி, மண் சந்தில் இறங்கி நடந்தார். நான் உள்ளே திரும்பினேன். தலையணைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பாஸ்போர்ட்.

இந்த முறை யோசிக்கவில்லை. வாசலில் நின்று, "அண்ணாச்சி!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை கத்தினேன். தோளைக் குறுக்கிக்கொண்டு, நொண்டலை வேகமாக்கினார். ஓடிப்போய் முன்னால் நின்று உறையை நீட்டினேன். அவர் முகம் வியர்த்திருந்தது.

"நீதான் கூப்ட்டியா?"

"ஆமா அண்ணாச்சி. பாஸ்போர்ட்ட விட்டுட்டீங்க."

வாங்கிச் சட்டைக்குள் வைத்தார். "அங்கயும் நீதான கூப்ட்ட?"

அதுவரை நாற்பது முறை சிரித்துச் சமாளித்த கேள்வி. "இல்லங்க அண்ணாச்சி" என்றேன். "நீங்க பள்ளத்துக்கு நேரா போறதப் பாத்தேன். கெளம்பிட்டீங்களேன்னு கூப்புடாம நின்னுட்டேன்."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லாதல. நீ எம் பேரச் சொல்லிக் கூப்ட்ட. ரெண்டு தடவ."

"நான் என்னைக்கு உங்களப் பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கேன்?"

வளைகுடாவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அறையில் அண்ணாச்சி, எஞ்சினியருக்கு டிரைவர், கபீலுக்கு ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன். அவர் பெயரை நானே அன்று அந்த உறைக்குள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் அதை யோசித்தார். கம்பை மண்ணில் இன்னும் ஆழமாக ஊன்றினார்.

"அப்ப யாருல?"

"யல்லா பாய், ஜல்தி!" என்று பிக்கப் ஓட்டிய பட்டாணியன் ஹாரன் அடித்தான். அண்ணாச்சி ஏறிக்கொண்டார். கெட்ட காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். "வாரேன்" என்று சொல்லவில்லை.

"போறேன்டே" என்றார்.

எனக்கு அந்த அறைக்குள் திரும்பிப் போகக் கால் வரவில்லை. பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஷார்ஜா போய்ச் சேரும் வரை, பின்னாலிருந்து கூப்பிட்ட அந்தக் குரல் இன்னும் இரண்டு முறை கேட்டது. என் பெயரைச் சொன்னதா இல்லையா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டும் நடந்து பார்த்தேன். அப்போதும் கேட்டது.

மறுநாள் காலை துறைமுகப் பக்கம் கடலைத் தூர்க்கிற சைட்டுக்கு வேலை கேட்கப் போனேன். லாரிகள் மண்ணோடு ரிவர்ஸில் வந்து, கடல் விளிம்பில் கொட்டிவிட்டுப் போகும். ஃபோர்மேன் என்ன வேலை தெரியும் என்று ஹிந்தியில் கேட்டார். முதல் தடவையாக, ஒன்றும் தெரியாது என்றேன். அவர் சிரித்தார். லாரிக்குப் பின்னால் நின்று கத்துகிறவனுக்குத் தொண்டை போய்விட்டது, சத்தம் போட வருமா என்றார்.

வரும் என்றேன்.

விளிம்பில் நிறுத்தினார்கள். ரிவர்ஸில் வருகிற லாரிக்கு "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்று கத்த வேண்டும், விளிம்புக்கு இரண்டு அடி இருக்கும்போது "ரோக்கோ" என்று கத்த வேண்டும், குறுக்கே போகிற ஆளையும் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். மூன்றாவது லாரி வரும்போது ஒருவன் தண்ணீர் டின்னைத் தூக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி, அதன் வழியில் போனான். அவன் எந்த ஊர், பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவன் நின்று, திரும்பி, யார் கூப்பிட்டது என்று தேடினான். கையைத் தூக்கி, நான்தான் என்று காட்டினேன்.