ஐந்து மூடிகளும் அப்பாவும்

"...அஞ்சு பேரும் ஸ்டார் கண்டியோ மச்சான், இப்பத்தைப் பெடியள் எங்களிட்டை நல்லா வாங்கிக் கட்டியிருப்பாங்கள்!"

இது மாமாவின் பேச்சு. இன்று அரியாலைத் தேநீர்க் கடையில் இரண்டு பொடியன்கள், அந்தக் காலத்து அமெரிக்கக் கூடைப்பந்து அணியும் இந்தக் காலத்து அணியும் மோதினால் எது வெல்லும் என்று சண்டை பிடித்தபோது, அந்தக் குரல் என் காதில் கேட்டது.

ஞாயிறு மத்தியானங்களில், கையில் இறைச்சிக்கறி வாசம் போகுமுன்னே, மாமாவும் அப்பாவும் மேசையில் சோடா மூடிகளை, ஆளுக்கொரு மூடியாக, பரப்புவார்கள். ஒரு பக்கம் அவர்கள் படித்த காலத்துப் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணி, மறுபக்கம் அந்த வருடம் கிண்ணம் வென்ற அணி. மாமா அணித்தலைவராக இருந்தவர். அப்பாவும் அதே அணிதான், ஆனால் ஒரு போட்டியிலும் இறக்கப்படாமல் மைதான ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருந்தவர். மேசையிலும் அவருக்கு மூடி இல்லை. சிரித்துக்கொண்டே நடுவராக விசில் ஊதுவார்.

ஒருநாள் அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"அண்ணை, இந்தப் பொய் விளையாட்டிலையாவது இவரை ஒருக்கா இறக்கினால் என்ன?"

"எல்லாரும் ஸ்டார், தங்கச்சி. ஆரை வெளியிலை எடுக்கிறது?"

"சும்மா விடுமப்பா, அவையள் வெல்லட்டும்" என்றார் அப்பா. அன்று அவர் சிரிக்கவில்லை.

 மாமா தன்னுடைய மூடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தார்.

"விசிலை இஞ்சை தா, மச்சான்" என்று கையை நீட்டினார்.