பின்மூடியைத் திறக்காமல் வாங்கிய வாட்ச்

பழைய வாட்ச் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அதுவும் விலை உயர்ந்த சுவிஸ் வாட்ச், பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடுகிற ரகம் என்றால் கேட்கவே வேண்டாம், உட்கார வைத்துப் பாடமே எடுத்துவிடுவேன். சேலையூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "அக்காகிட்ட மணி கேட்டா, வாட்ச் எப்படி வாங்கணும்னு சொல்லுவாங்க." சிரிக்கட்டும். பட்டவளுக்குத்தானே தெரியும்.

என் மகளுக்கு வரன் கூடிவந்தபோது ஆரம்பித்தது இது. கூடுவாஞ்சேரிக்காரர்கள். பையன் தங்கமான பையன், அதை இப்போதும் சொல்வேன். அவனுடைய அம்மாதான் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் சம்பந்தி" என்றார். இந்த 'ஒண்ணும் வேணாம்' இருக்கிறதே, அதைவிடப் பெரிய சீர்வரிசை உலகத்திலேயே கிடையாது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவனுக்கு அவன் மாமனார் வீட்ல சுவிஸ் வாட்ச் போட்டாங்க. சின்னவன் பாத்துக்கிட்டே இருப்பான், பாவம். அதுகூட உங்க இஷ்டந்தான்" என்றார். மாப்பிள்ளை நெளிந்தான். "அம்மா, சும்மா இரேன்" என்றான். அந்த அம்மாள் சும்மா இருந்தார், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்றே.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. புது சுவிஸ் வாட்ச் என்பது என் சம்பளத்தில் கனவில்கூட வராது. ஒருவர் கட்டிவிட்டு விற்கிற வாட்ச் என்றால் பி.எஃப். பணத்தில் எட்டிப் பிடிக்கலாம் என்று தெரிந்தது. சரி, வாங்குவோம், ஆனால் ஏமாறக் கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. பீர்க்கன்கரணையிலிருந்து ஆபீசுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, யாரோ வெள்ளைக்காரன் கையுறை போட்டுக்கொண்டு வாட்ச்சைக் கழற்றுவதை போனில் பார்த்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முதலில் மேடவாக்கம். ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் காபிக்கடைக்கு வரச் சொன்னார். வாட்ச் பளபளவென்று கண்ணைப் பறித்தது. அந்தப் பளபளப்பேதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்கடி பாலிஷ் போட்டால் ஓரமெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிப் போகும், இதில் மழுங்கியிருந்தது. செயினைப் படுக்கவைத்துப் பிடித்தேன், வாடின கீரைத்தண்டு மாதிரி தொங்கியது. கண்ணியெல்லாம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். "இவ்வளவு தொங்குதே தம்பி" என்றேன். "அது ஸ்டைல் ஆன்ட்டி" என்றார். எனக்கா தெரியாது ஸ்டைல்! காபிக்கு நான்தான் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

குரோம்பேட்டைக் கடையில் காட்டிய வாட்ச்சில் டயலின் எழுத்து தடித்திருந்தது. கம்பெனியில் அச்சடித்த எழுத்து பூதக்கண்ணாடியில் முடி மாதிரி மெல்லிசாகத் தெரியும். இது யாரோ திரும்பப் பெயிண்ட் அடித்த டயல். சாவியைத் திருகினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி வேறு இருந்தது. பல்லாவரத்தில் பார்த்ததுதான் நன்றாக இருந்தது. நொடிமுள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது, உடம்பில் வெட்டியிருந்த நம்பரும் கூட வந்த அட்டையில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. "பின்மூடியைத் திறந்து காட்டுங்க" என்றேன். வெளியே எல்லாம் அசலாக இருக்கும், உள்ளே வேறு மிஷினைப் போட்டு மூடியிருப்பார்கள்; திறந்தால்தான் தெரியும், வேறு வழியே கிடையாது. விற்பவர் முகம் சுருங்கிப் போனது. "மேடம், வாங்கறதா இருந்தா வாங்குங்க. போஸ்ட்மார்ட்டமெல்லாம் பண்ண முடியாது" என்றார். "அப்ப நீங்களே கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு அன்றைக்கு என்மேல் ஒரே பெருமை.

இது எப்படியோ பம்மலில் இருக்கும் என் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வந்து இறங்கினான். மனை புரோக்கர், வாசலிலேயே குரல் கேட்டுவிடும்.

"இன்னாம்மா, தெருத்தெருவா வாட்ச் பாத்துக்கினு அலையறியாமே? தாய்மாமன் நான் ஒருத்தன் உசிரோட இல்லையா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். துபாயிலிருந்து திரும்பிய சிநேகிதனுடையதாம், அவசரத்துக்கு விற்கிறானாம், வெளியே போனால் இந்த விலைக்குக் கிடைக்காதாம். எடுத்துப் பார்த்தேன். செயின் தொங்கவில்லை. ஓரமெல்லாம் கூர்மையாக இருந்தது. முள் வழுக்கிக்கொண்டு போனது. அட்டையும் நம்பரும் ஒத்துப்போயின. கை தானாகக் கைப்பைக்குள் போய்ப் பூதக்கண்ணாடியைப் பாதி வெளியே எடுத்துவிட்டது. அண்ணி பார்த்துவிட்டார்.

"அடேங்கப்பா! உங்க அண்ணன் கொண்டாந்ததையே லென்ஸ் வெச்சுப் பாக்கப் போறியா?"

அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புருஷன் இல்லாதவள் மணையில் உட்கார்ந்து, பெற்ற பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கக் கூடாதாம் எங்களில். பெற்றது நான். ஃபீஸ் கட்டியது நான், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது நான். மணையில் உட்கார மட்டும் அண்ணனும் அண்ணியும். இந்தக் காலத்திலுமா என்று கேட்பவர்கள் ஒரு கல்யாணத்தை எடுத்து நடத்திப் பார்க்கட்டும். அண்ணனோ, சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து போனவன். பின்மூடியைத் திற என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், என்னையே சந்தேகப்பட்டுட்டா என்று துண்டை உதறிக்கொண்டு போவான். அப்புறம் என் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க நான் எவன் வாசலில் போய் நிற்பேன்?

பூதக்கண்ணாடியை உள்ளே போட்டுவிட்டேன். "நீ பாத்தா சரிதாண்ணா" என்றேன். எவன் எவனிடமோ திறந்து காட்டு, திறந்து காட்டு என்று சண்டை போட்டவள், கூடப் பிறந்தவனிடம் வாயை மூடிக்கொண்டு பி.எஃப். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

திருநீர்மலையில் கல்யாணம். அண்ணனும் அண்ணியும் பட்டு கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாரை வார்த்து முடித்ததும் அண்ணனே மாப்பிள்ளை கையில் வாட்ச்சைக் கட்டிவிட்டான். "மாமன் சீர்!" என்று யாரோ கத்தினார்கள். என் பி.எஃப். பணம் அங்கே மாமன் சீராகிவிட்டது. போகட்டும், மகள் முகத்தில் சிரிப்பு இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்து வாட்ச் நின்றுவிட்டது. மாப்பிள்ளை அதைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோயிருக்கிறார். திறந்து பார்த்துவிட்டு, தொட மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உடம்பு அவர்களுடையது, மிஷின் அவர்களுடையதில்லை. ஏதோ மலிவான மிஷினை யாரோ உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே சம்பந்தியம்மாள் போன் செய்தார். "நாங்க கேக்கவே இல்லையே சம்பந்தி. முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம். டூப்ளிகேட் கொடுத்து எங்க புள்ளைய சர்வீஸ் சென்டர்ல தலைகுனிய வெச்சிட்டீங்களே." பிறகு மகள் பேசினாள், மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி. "அம்மா, நீ பாத்துதானே வாங்கின?" கட்டிவிட்டது மட்டுமில்லை, கொண்டுவந்து விற்றதும் மாமாதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? தாரை வார்த்துக் கொடுத்தவனே பித்தலாட்டக்காரன் என்று இன்னொரு பேச்சு அந்த வீட்டில் கிளம்பும், கேட்கப்போவது அவள்தான். "ஆமாண்டி, நான்தான் பாத்து வாங்கினேன்" என்றேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் மிக்ஸி ரிப்பேரானாலும் குக்கர் விசில் போனாலும், "எல்லாம் உங்கம்மா வாட்ச் மாதிரிதான்" என்று மாமியார் சொல்வாராம். மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பம்மலுக்குப் போனேன். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னதும் எழுந்துகூட உட்காரவில்லை.

"வெளிய ஒரிஜினல்தானே? மாப்ள உள்ள தொறந்தா பாக்கப் போறார்னு நெனச்சேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இவனும் ஏமாந்திருப்பான் என்று வழி முழுக்கச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். தெரிந்தே கொடுத்திருக்கிறான். சொந்தத் தங்கை தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான்.

"தெரிஞ்சே குடுத்தியா? உன் மருமகதானேண்ணா அவ, கூடப் பொறந்தவ பொண்ணு!"

"தோ பாரு, நான் மணையில குந்தலன்னா அந்தக் கல்யாணமே நடந்திருக்காது. ஒரு வாட்ச்சுக்கு வந்து பேஜார் பண்ற" என்றான். அண்ணி உள்ளேயிருந்து காபி வேண்டுமா என்று கேட்டார். பாவி, அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு மகள் வாயும் வயிறுமாக ஆனாள். கூடுவாஞ்சேரியில் வளைகாப்பு வைத்தார்கள். அதிலும் அதே கதைதான். முதல் வளையலை அம்மா ஸ்தானத்தில் அண்ணி போட வேண்டும் என்று சம்பந்தியம்மாளே பம்மலுக்குப் போன் செய்து அழைத்துவிட்டார். வளையல் வாங்கி வந்தது நான், பலகாரம் சுட்டு எடுத்து வந்தது நான். சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றேன். போன உடனே மாப்பிள்ளை, "அத்தை, இது வீட்ல இருந்தா பேச்சு வளருது" என்று வாட்ச்சை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்திருந்தார். அது என் கைப்பையில், பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அண்ணி மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

"இன்னா மாப்ள, கை மொட்டையா கீது? மாமன் கட்டுன வாட்ச் எங்க?"

மகள் தலையைக் குனிந்தாள். சம்பந்தியம்மாள், "அதை ஏன் கேக்கறீங்க, எல்லாம் பொண்ணோட அம்மா பாத்து வாங்கின லட்சணம்" என்றார். அண்ணன் "ச்சுச்சு" கொட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்காகப் பரிதாபப்பட்டு ச்சுச்சு கொட்டினான்!

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நடந்து போய் வாட்ச்சையும் பூதக்கண்ணாடியையும் அவன் முன்னால் வைத்தேன்.

"நீயே தொறந்து காட்டுண்ணா. உள்ள என்ன இருக்குன்னு உனக்குத்தானே தெரியும். நீ வித்தது, என் பணத்துல. மாப்ள தொறந்து பாக்க மாட்டார்னு நெனச்சேன்னு சொன்னியே, அதையும் சேத்து எல்லார் எதிரவும் சொல்லு."

அண்ணன் முகம் கறுத்தது. "நல்ல நாளும் அதுவுமா கூப்ட்டு அவமானப்படுத்தறியா? வாடீ போலாம்" என்று எழுந்தான். அண்ணி வளையல் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனார். நான் நினைத்தது என்னவென்றால், இப்போதாவது நாலு பேர் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள் என்று. மாப்பிள்ளையின் அப்பா வாசல்வரை ஓடினார். "தாய்மாமன் சாப்பிடாமப் போகக் கூடாதுங்க, இலை போட்டாச்சு" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

உள்ளே மகளின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தட்டில் நான் தேர்ந்தெடுத்த பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள். என் கை தட்டை நோக்கிப் போனது. "நீங்க இருங்க சம்பந்தி" என்றார் மாமியார், கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வது மாதிரி. சொல்லிவிட்டு அவரே வளையலை எடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும், நான் பொய் சொன்னதும் ஏன் சொன்னேன் என்பதும். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் கையை மாமியாரிடம்தான் நீட்டினாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இருந்து குப்பை கொட்டப் போவது அவள். அண்ணன் வாசலில் இன்னும் முறுக்கிக்கொண்டு நின்றான், அவனை உள்ளே அழைத்துவர மூன்றாவது ஆளும் எழுந்து போனார். அவன் பெண்டாட்டி விட்டுப்போன நாற்காலியில் என்னை உட்காரச் சொல்ல ஒருத்தர் வாய் திறக்கவில்லை.