நழுவாத டிவைடர்

ஓசூரில், பாகலூர் ரோட்டு ஹார்டுவேர் கடை ஒன்றில்தான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடை, ஒட்ட வெட்டிய நரைமுடி. மரத்தில் அளவு குறிக்க ஒரு டிவைடர் வாங்க நான் போயிருந்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றையும் விரித்துத் திருகை இறுக்குவார். கோடு போட்ட ஒரு பலகைத் துண்டில் அதன் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றி, கோடு முடியும்வரை நடத்திக்கொண்டு போவார். பிறகு அதே புள்ளிகள் வழியாகத் திரும்புவார். முனை புள்ளியில் விழாவிட்டால் கால் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். கடையில் இருந்ததில் ஒன்றுதான் தேறியது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"கேரம் போர்டு செய்யங்க. ரூம்ல கூட இருந்தவங்க எல்லாம் கல்யாணம் ஆகி, வேலை மாறிப் போயிட்டாங்க. போர்டு இருந்தா யாராச்சும் வந்து உக்காருவாங்க இல்ல?"

எனக்குத் தச்சுவேலை என்று தெரிந்ததும், தேறியதை என் கையில் வைத்தார்.

"நீங்க பொறுக்கினதாச்சேங்க."

"உங்களுக்கு இது பொழப்பு. எனக்கு நழுவினா மறுபடி குறிச்சுக்குவேன். ஞாயித்துக்கிழமை சீக்கிரத்துல முடியறதே இல்லைங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இன்னொன்றை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். எனக்கும் கேரம் ஆடத் தெரியும் என்பது ஆட்டோ கிளம்பிய பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

இன்றும் அந்தக் கடைக்குப் போனால், நிற்பவர்களின் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆணி கேட்கிறேன்.