தலை தங்காத ரோபோ

என் சித்தப்பா சகாய ஆண்டனி செக்காலையில் ஒரு மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சாக்கோட்டையில் வாத்தியார் மகனாகப் பிறந்து, பேங்க் பரீட்சைகளில் தோற்று, டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து, ஒரு வழியாக முதலாளி ஆனவர். பாதி முதலாளி என்பதுதான் சரி. மீதிப் பாதி மாயக்கண்ணன். பாடம் நடத்துவது சித்தப்பா, மெஷின்களைக் கழற்றி மாட்டுவது அவர்.

டெல்லி, பூனா, மஸ்கட் என்று வேலைக்கு வேலை தாவி, எதிலும் ஒட்டாமல் தொண்ணூற்றெட்டில் நான் ஊர் திரும்பியபோது முதலில் தேடிப் போனது அந்த மாடியைத்தான். மூலையிலிருந்த பழைய மெஷினில் ஒரு ஆட்டம் உண்டு. கால், கை, துப்பாக்கி, தலை என்று பொறுக்கி ரோபோ செய்து சண்டைக்கு இறக்க வேண்டும். ஆட்டம் முழுக்க ஓட்டை. இடதுபக்கம் திரும்பினால் ரோபோ சுவரில் சிக்கிக்கொள்ளும். சில சமயம் ஜெயித்தவனைத் தோற்றதாக அறிவிக்கும். சேமித்து வைத்து மறுபடி திறந்தால் ரோபோவுக்குத் தலை இருக்காது. முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். மஸ்கட்டில் இதைவிட நல்ல ஆட்டங்கள் எத்தனையோ பார்த்தேன். எதிலும் இப்படிச் சிரித்ததில்லை.

சித்தப்பா அதை விடவேயில்லை. 'சண்டியர்' என்று பெயர் வைத்த ரோபோவைக் கடைசிச் சண்டை வரைக்கும் கொண்டுவந்திருந்தார். அணைத்தால் தலை போய்விடும் என்பதால் யூ.பி.எஸ். தயவில் வாரக்கணக்கில் மெஷினை அணைக்காமல் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார். பிள்ளைகள் மற்ற மெஷின்களில் மும்மூன்று பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாயக்கண்ணன் சரிபார்க்க வந்தால், இது நான் பார்க்க வேண்டிய கோளாறு என்று அனுப்பிவிடுவார்.

ஆயுத பூசை வந்தது. சென்டர் திறந்த நாளிலிருந்து அது மாயக்கண்ணன் பொறுப்பு. எல்லா மெஷினையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, மறுநாள் வரை ஓய்வு கொடுப்பார். பொரி கடலை வாங்கி வருவது சித்தப்பா. திறப்பு விழாவில் ஃபாதர் வந்து மந்திரித்தபோது மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர் மாயக்கண்ணன். இதுவரை அதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

மூலை மெஷினின் சுவிட்சுக்கு அவர் கை போனதும் சித்தப்பா தடுத்தார்.

"இத மட்டும் விட்ரு மாயா."

"ஏண்ணே, நாளைக்குப் போட்டுக்கிறலாம்ல?"

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். "இல்லப்பா. நாங்க வேதக்காரங்க. வருசா வருசம் இதெல்லாம் செய்யிறது சரியில்லன்னு படுது. இது ஒன்னாவது பொட்டு வைக்காம இருக்கட்டும்."

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிரசங்கம் முடிந்த பிறகு போய் நிற்கிறவர் சொன்ன சொல் அது. காரணம் தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

மாயக்கண்ணன் கையை எடுத்துக்கொண்டார். சாம்பிராணிப் புகை படாமலிருக்கத் தன் தோளில் கிடந்த துண்டால் அந்த மானிட்டரை மூடினார். சூடம் காட்டும்போது தட்டு அந்த மூலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் சித்தப்பாவிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"இது படைக்காத பொரிண்ணே. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்."

சித்தப்பாவால் அதை வாங்க முடியவில்லை. போய்த் துண்டை இழுத்து, மானிட்டர் சுவிட்சைப் போட்டார். சண்டியர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் ஆடியபடி நின்றான்.

"இவனுக்காகத்தான் மாயா. அணைச்சா போயிருவான்."

மாயக்கண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஆட்டம்னு சொல்லியிருந்தா அணைக்காமயே பொட்டு வச்சிட்டுப் போயிருப்பேன். இத்தன வருசமா உங்களக் கட்டாயப்படுத்திட்டமோன்னு நீங்க சொன்னதுலருந்து கெடந்து வெந்துக்கிட்டு இருக்கேன். ஒரு பொம்மைக்கு எதுக்குண்ணே சாமிய இழுத்தீக?"

சித்தப்பா மெஷினை அணைக்கச் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"அணைக்காதீக. எனக்காக அணைக்க வேணாம்." பொட்டலத்தை விசைப்பலகையின் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் படியிறங்கினார்.

நீட்டிய கையோடு சித்தப்பா நின்றார். அணைத்தாலும் அசிங்கம், அணைக்காவிட்டாலும் அசிங்கம். பிறகு எதையும் தொடாமல் செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். தெருவிலிருந்து "மாயா, மாயா" என்று அவர் குரல் மேலே கேட்டது. பதிலுக்கு மொபெட் கிளம்புகிற சத்தம்தான் கேட்டது.