குடியை விட்டவர்கள் கூட்டம் தேடி ஸ்ரீரங்கத்தில் ஒரு மாலை

சென்ற ஆவணியில் மாமா மகள் கல்யாணத்துக்காக ஸ்ரீரங்கம் போனோம், நானும் தம்பி முருகேசனும். காலையில் சென்னையில் ஏறி, மதியம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டோம். (திருச்சி ஜங்ஷன் வரை போய்விட்டு ஒன்பது கிலோமீட்டர் திரும்பி வராதீர்கள். பல ரயில்கள் இங்கேயே நிற்கும்.) வழக்கமாக நான் இங்கே கோபுரம், காவிரி, காபி என்று எழுதுவேன். இந்த முறை தேடிப் போனது, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம். எழுதட்டுமா என்று தம்பியிடம் கேட்டேன். "பேரை மட்டும் மாத்திடுக்கா, மத்ததெல்லாம் எழுது" என்றான்.

அவன் குடியை விட்டு அப்போது எட்டு மாதம். மண்டபத்தில் பையை வைத்து நிமிர்ந்தால், பெண்ணைப் பெற்ற மாமாவே ஒரு கட்டைப்பையோடு மாடி அறைக்கு ஏறுகிறார், பின்னாலேயே நாலைந்து மச்சான்கள். பையில் இருந்தது பாட்டில்தான், சத்தமே சொன்னது. "முருகேசா, வாடா மேல!" என்று ஒரு குரல். தம்பி என் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"அக்கா, எனக்கு இப்ப ஒரு மீட்டிங் வேணும். இல்லன்னா நானும் மாடி ஏறிடுவேன்."

சென்னையில் அவனோடு கூட்டத்துக்கு வரும் நண்பருக்குப் போன் போட்டோம். ஸ்ரீரங்கத்தில் சனிக்கிழமை மாலை ஒரு கூட்டம் உண்டு என்றார், அன்று சனிக்கிழமைதான். ஆனால் இடம் அவருக்குத் தெரியவில்லை. அவர் தந்த உள்ளூர் எண்ணை யாரும் எடுக்கவில்லை. சரி, கேட்டால் சொல்லாமலா போவார்கள் என்று தெற்கு வாசலில் ஆட்டோ பிடித்தோம்.

இங்கேதான் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். கல்யாண ஊர், ஆட்டோக்காரர் மண்டபத்துக்கே தெரிந்தவராக இருந்துவிட்டால் மானம் போய்விடுமே! "அண்ணே, சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசுவாங்களே, சத்சங்கம் மாதிரி, அங்க போகணும்" என்றேன். ஸ்ரீரங்கத்தில் போய் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, உத்திர வீதியில் உபன்யாசம் நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் அழகாக இறக்கிவிட்டார்.

நழுவப் பார்த்தேன். வாசலிலேயே ஒரு மாமி மடக்கினார். "உள்ள வாங்கோ, உக்காருங்கோ. பிரசாதம் வாங்கிக்காம போகப்படாது." சபையில் முன்வரிசை. கதை பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மணி ஆறைத் தாண்டியது. நான் மரியாதைக்குப் பயந்து உட்கார்ந்திருக்க, அவன் எழுந்து கும்பிட்டுவிட்டு விடுவிடுவென்று வெளியே போனான். கையில் இரண்டு தொன்னைப் புளியோதரையோடு நான் பின்னால் ஓடினேன்.

எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார் அதே ஆட்டோக்காரர். தம்பி நேரே அவரிடம் போனான்.

"அண்ணே, நான் குடிச்சுக்கிட்டு இருந்தவன், இப்ப விட்டுட்டேன். என்னை மாதிரி ஆளுங்க கூடுற மீட்டிங் இங்க எங்க நடக்குது?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதாக்கா? என் மச்சான் அங்கதான் போறாரு. நாலு வருஷமா தொடல. முன்ன இங்க நடந்துச்சு, இப்ப திருச்சி டவுனுக்கு மாத்திட்டாங்க. ஏறுங்க!"

காவிரிப் பாலத்தில் சனிக்கிழமை நெரிசல். புகுந்து புறப்பட்டு அரைமணியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். இருநூறு ரூபாய். குறைப்பார் என்று பார்த்தேன். "பாசம் வேறக்கா, வாடகை வேற" என்று சிரித்தார்.

வகுப்பறையில் இருபது பேர் இருக்கலாம். ரயில்வேக்காரர்கள், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஆட்கள், ஒரு வக்கீல். அன்று குடும்பத்தாரும் உட்காரலாம் என்ற திறந்த கூட்டம். "வெளியூர்லேர்ந்து வந்தவங்க பேசுங்க" என்றார்கள். தம்பி எழுந்தான். மாடி அறையைப் பற்றி, கூப்பிட்ட குரலைப் பற்றி, வேர்த்த கையைப் பற்றி ஒளிக்காமல் சொன்னான். கை தட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசுகூட வாங்காத பயல்! எனக்குப் பெருமை பொங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கிளம்பும் முன்பே கூட்டம் நடத்துபவர்களின் உதவி எண்ணில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை எடுக்காவிட்டால் விடாதீர்கள். கட்டணம் கிடையாது. எல்லாக் கூட்டத்திலும் குடும்பத்தாரை விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. வழி கேட்கும்போது என்னைப்போல் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, இலை போடும் இடத்தில் மடக்கினார். "மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட ஆளைக் காணோம், எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்?"

நான் வாய் திறக்குமுன் தம்பி முந்திக்கொண்டான். "குடியை விட்டவங்க மீட்டிங்குக்கு அத்தை."

பக்கத்து இலைகளில் தலைகள் திரும்பின. இந்த முறை நான் தலை குனியவில்லை. "நானும்தான் கூடப் போனேன்" என்றேன், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றே. அத்தை மாடிப் படியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவன் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த மீட்டிங் என்னைக்குடா?"

"செவ்வாய்க்கிழமை அத்தை. மாமா வரேன்னு சொன்னா, லீவு போட்டு இங்கயே இருந்து நானே கூட்டிட்டுப் போறேன்."